அத்தியாயம் 6: வளைகிற பட்டை

பந்தயத் திடலில் ஓடும் கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது. 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் புல்வெட்டி இயந்திரத்தின் மோட்டாரைக் குழாய்ச் சட்டத்தில் ஏற்றி ஓட்டிய முதல் கார்ட்டிலும் இல்லை. இன்றைய பந்தய விதிகளும் அதை அனுமதிப்பதில்லை. வழவழப்பான தார்த் தரையில் சட்டமே கொஞ்சம் முறுக்கிக்கொடுத்து அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது.

நம் தரை வேறு. ஜோகூரில் நம் ஊரான லாயாங் லாயாங்கைச் சுற்றி இருப்பவை செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்துச் சாலை என்றால் செம்மண்ணும் சரளையும். மழை ஓய்ந்த மறுநாள் லோரி டயர் பதிந்த பள்ளம் காய்ந்து கல்லாகிவிடும். பத்து நிமிடம் ஸ்பிரிங் இல்லாத கார்ட்டை அதில் ஓட்டிப் பாருங்கள், முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். முதுகோடு நிற்காது, சட்டத்தின் வெல்டிங்கும் ஒரு மாதத்தில் விரிசல் விடும். அதனால்தான் இந்த நூலில் எஞ்சினுக்கு முன்பாகவே ஸ்பிரிங்குக்கு ஒரு அத்தியாயம்.

சுருள் ஸ்பிரிங்கை விட்டுப் பட்டை ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் விலையும் எளிமையும். சுருளுக்கு மேலும் கீழும் கிண்ணம் வேண்டும். பட்டையைச் சட்டத்தில் பிடிக்க இரண்டு யூ போல்ட் போதும். மலாய்க்காரர்கள் இதை ‘ஸ்பிரிங் டாவுன்’ என்பார்கள். டாவுன் என்றால் இலை. நாம் முழு அடுக்கையும் செட் என்றும், அதன் ஒவ்வொரு தகட்டையும் பட்டை என்றும் சொல்வோம். நுனி சுருண்டு காதாக இருக்கும் நீளமான பட்டை மெயின் பட்டை. அதற்கு அடுத்து, அதைத் தாங்கிக்கொண்டு இருப்பது இரண்டாம் பட்டை.

கெட்டியானதைத் தேடாதீர்கள்

முதல்முறை கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். பழைய பிக்கப்பின் பின் ஸ்பிரிங் செட்டை முழுசாக வாங்கி வந்து கார்ட்டின் அடியில் மாட்டுவார்கள். ‘நல்ல ஸ்ட்ராங்கா இருக்கு’ என்று பெருமையும் படுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தோட்டத்து லோரி பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் வந்து கார்ட்டின் மேல் ஏறி நின்று இரண்டு முறை குதித்தார். செட் அசையவே இல்லை. “தம்பி, நீ ஸ்பிரிங் போடல. இரும்புக் கட்டைய வெச்சிருக்க. கெட்டியா இருக்கிறத ஏன் தேடுற? வளையிறதத் தேடு” என்றார்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் ஏற்றுகிற பிக்கப்பில் பின்பக்கச் செட் ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டது. நம் கார்ட் எவ்வளவு? சட்டமும் எஞ்சினும் சக்கரமும் சேர்த்து 110 கிலோ, ஓட்டுகிறவர் 75 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 185. சக்கரம், அச்சு போன்றவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவற்றுக்கு 35 கழித்தால் ஸ்பிரிங் சுமப்பது 150 கிலோ. எஞ்சின் பின்னால் இருப்பதால் பின்பக்கம் 90, முன்பக்கம் 60. ஆகப் பின் ஸ்பிரிங் ஒன்றுக்கு 45 கிலோ, முன்னால் பக்கத்துக்கு 30 கிலோ. உங்கள் கார்ட்டின் எடை வேறாக இருக்கும். குளியலறைத் தராசை ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் வைத்து, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, நீங்கள் உட்கார்ந்தபடி எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டமும் எஞ்சினும் ஆளும் சேர்ந்த எடை ஏறியதும் ஸ்பிரிங் மூன்றரையிலிருந்து நாலரை சென்டிமீட்டர் வரை இறங்கினால் செம்மண் சாலைக்கு அது சரியான மென்மை. இரண்டுக்கும் கீழே என்றால் உதறும். ஆறைத் தாண்டினால் ஊஞ்சலாடும், பள்ளத்தில் அடியும் தட்டும். 45 கிலோவுக்கு நாலரை சென்டிமீட்டர் என்றால் மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரு நுனியும் தாங்கலில் நிற்க, நடுவில் சுமை ஏறும் ஒற்றைப் பட்டையின் விறைப்புக்குச் சூத்திரம் இது: 84,000 × அகலம் × தடிமன் × தடிமன் × தடிமன், அதை நீளம் × நீளம் × நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லா அளவும் மில்லிமீட்டரில். விடை, மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 60 மி.மீ. அகலம், 7 மி.மீ. தடிமன், 1,200 மி.மீ. நீளம் உள்ள மெயின் பட்டைக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்று வரும். நாம் தேடிய எண். அதே பட்டைகள் ஐந்து சேர்ந்த செட் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. 45 கிலோவுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட இறங்காது. அண்ணன் குதித்தும் அசையாததன் காரணம் அதுதான்.

சூத்திரத்தில் தடிமன் மூன்று முறை பெருகுவதைக் கவனியுங்கள். 7 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. எடுத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விறைப்போ ஒன்றரை மடங்கு. 6 மி.மீ. என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. எனவே கடைக்குப் போகும்போது வெர்னியர் இல்லாமல் போகாதீர்கள். டேப்பால் தடிமன் அளக்க முடியாது.

எங்கே கிடைக்கும்

லாயாங் லாயாங் சின்ன ஊர். இங்கே உள்ள பட்டறைகளில் கேட்டுப் பார்க்கலாம்; இல்லையென்றால் குளுவாங், சிம்பாங் ரெங்கம், கூலாய் மூன்றும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. போகிற இடங்களும் மூன்று வகை.

ஒன்று, பழைய வண்டியைப் பிரித்து உறுப்பாக விற்கும் கெடாய் போத்தோங். (மலாயில் ‘கெடாய்’ என்பது நம் ‘கடை’தான், அந்தச் சொல் இங்கே நமக்கு முன்பே வந்து குடியேறிவிட்டது.) இங்கே செட்டாகத்தான் விற்பார்கள், விலையும் செட்டுக்குத்தான். இடது, வலது இரண்டும் ஒரே வண்டியிலிருந்து வரும் என்பது இதன் பெரிய நன்மை.

இரண்டாவது, பழைய இரும்புக் கடை. இங்கே எடைக்கு விலை. குவியலில் தேட வேண்டும், பொறுமை வேண்டும், ஜோடி கிடைக்காமலும் போகலாம்.

மூன்றாவதைத்தான் நான் முதலில் போகச் சொல்வேன்: லோரிக்கும் பிக்கப்புக்கும் ஸ்பிரிங் மாற்றிக்கொடுக்கும் கடை. மெயின் பட்டை ஒடிந்த செட்டை மொத்தமாகக் கழற்றிப் புதிது மாட்டியபின், பழையதில் முழுசாக இருக்கும் மீதிப் பட்டைகள் கடையின் பின்புறம் கிடக்கும். செட்டே தளர்ந்துபோய் மாற்றப்பட்டவையும் கிடக்கும். பாரம் ஏற்றுகிறவருக்குத் தளர்ந்த பட்டை உதவாது. நமக்கு அது பிரச்சினையே இல்லை. தவுக்கேயிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு குவியலிலிருந்து மெலிந்த பட்டையைத் தாமே தேடி எடுத்துக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துப் பட்டறையின் பின்னால் கிடக்கும் இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது குப்பைபோலத் தெரிந்தாலும் தோட்டத்தின் சொத்து. மேனேஜரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே தூக்க வேண்டும். இரும்புக் கடையிலும் ரசீது கேளுங்கள்.

எந்த வண்டியின் பட்டை? ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்புகளின் மெயின் பட்டை பெரும்பாலும் 60 மி.மீ. அகலம், நிறையக் கிடைக்கும். சுசுகி கேரி மாதிரி சிறு வேன் கிடைத்தால் பட்டை மெலிவாக இருக்கும், இன்னும் நல்லது. பழைய டட்சன் 120ஒய், கொரோலா கேஇ30 கார்களுக்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். ஆனால் அவற்றை இன்று சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். ஒரு நல்ல பழைய காரின் உறுப்பை அறுப்பதற்கு எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வரக் கூடாது. லோரிப் பட்டையைத் தொடவே வேண்டாம். அதன் தடிமனுக்கு நம் கார்ட் ஒரு கொசு.

வாங்கும் முன் மூன்று சோதனைகள்

கண் சோதனை: பட்டை ஒடிவது எப்போதும் சில இடங்களில்தான். நடுத் துளையைச் சுற்றி, காது சுருளத் தொடங்கும் வளைவில், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் உராய்ந்த இடத்தில். அங்கே கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். மேலாகப் பிடித்த துரு பரவாயில்லை. நகம் இடறும் அளவுக்குக் குழி விழுந்த துரு ஆகாது.

மண்ணெண்ணெய்ச் சோதனை: சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசிக் கால் மணி நேரம் விடுங்கள். சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுத்த மயிரிழைபோலக் கோடு தெரியும்.

மூட்டைச் சோதனைதான் முக்கியம். சமதளத்தில் பலகை போட்டு, இரு நுனிக்கும் கீழே குழாய்த் துண்டு வைத்து, பட்டையை வில்போலக் கவிழ்த்து நிறுத்துங்கள். நுனிகள் தடையில்லாமல் நகர வேண்டும். நடுப்பகுதியின் உயரத்தை அளந்துவிட்டு 50 கிலோ உர மூட்டையை ஏற்றுங்கள். (மூட்டை இல்லாவிட்டால் 10 கிலோ அரிசிப் பை ஐந்து.) மறுபடி அளக்க வேண்டும். 5 செ.மீ. இறங்கினால் மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ. 3 செ.மீ. மட்டும் இறங்கினால் விட்டுவிட்டு வேறு பட்டை பாருங்கள். 7 செ.மீ. இறங்கினால் எடுத்துக்கொள்ளலாம், நீளத்தைக் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம். மூட்டையை எடுத்ததும் பட்டை பழைய உயரத்துக்கே திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள். திரும்பாத பட்டை செத்த பட்டை.

இரண்டு பட்டையில் முழுக் கார்ட்

1,200 மி.மீ. நீளப் பட்டையைப் பிக்கப்பில் இருந்தபடியே சக்கரத்துக்கு ஒன்றாக நீளவாட்டில் மாட்டக் கார்ட்டில் இடம் இல்லை. இதற்கு வழி நூறு ஆண்டுக்கு முன்பே இருந்தது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் குறுக்கேதான் கிடந்தது. 1922இல் வந்த ஆஸ்டின் 7, முன்னால் குறுக்குப் பட்டையும் பின்னால் கால் பட்டையும் வைத்துக்கொண்டது. கால் பட்டை என்றால் ஒரு முனை சட்டத்தில் இறுகியிருக்க மறுமுனை மட்டும் அச்சைத் தாங்குவது. இலேசான, மலிவான கார் வேண்டும் என்று யோசித்தவர்களின் தீர்வு அது. நமக்கும் அதேதான் வேண்டும். ஒரு பிக்கப்பின் இடது, வலது மெயின் பட்டைகள் இரண்டே போதும்: ஒன்று முழுசாக முன்னால் குறுக்கே, மற்றது நடுவில் வெட்டிப் பின்னால் இரண்டு கால் பட்டைகளாக.

எங்கும் மாறாத விதி ஒன்று: சுமை ஏறும்போது வில்லின் வளைவு நிமிர வேண்டும், மேலும் வளையக் கூடாது. பிக்கப்பில் காதுகள் மேலே பார்த்தபடி இருந்தன. நம் அமைப்பில் பட்டையின் நடுவோ வெட்டுமுனையோ சட்டத்தில் இறுகி, நுனியில் அச்சு தாங்குவதால், பட்டையைக் கவிழ்த்து நுனிகள் கீழே தொங்கும்படி மாட்ட வேண்டும். இரண்டாம் பட்டைத் துண்டு சட்டத்துக்கும் மெயின் பட்டைக்கும் இடையில் வரும்.

பின்பக்கம். நீளம் 1,200 என்றால் வெட்டியபின் 60 செ.மீ. துண்டு. அதில் 9 செ.மீ. சட்டத்தின் அடியில் இரண்டு யூ போல்ட்டுக்குள் இறுகட்டும்; 51 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதன் மேல் இரண்டாம் பட்டைத் துண்டு ஒன்று, பிடியைத் தாண்டி 17 செ.மீ. நீட்டும்படி. இந்தத் துண்டு விறைப்பை ஏறக்குறைய 40 விழுக்காடு கூட்டும். அதைவிட முக்கியம், மெயின் பட்டையில் ஏறும் உச்ச இழுவிசையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். இந்த அளவில் 45 கிலோவுக்கு 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இறங்கும். மூட்டைச் சோதனையில் 7 செ.மீ. இறங்கிய மெல்லிய பட்டை என்றால் 51ஐ 45 ஆக்குங்கள்.

ஒன்று கேட்பீர்கள்: நடுத் துளையில் வெட்டினால் பட்டை பலவீனமாகாதா? ஆகாது. வெட்டிய பிறகு துளையின் பாதி மட்டுமே முனையில் அரைவட்டமாக மிஞ்சும், அதுவும் பிடிக்குள் மறைந்துவிடும். இழுவிசை அதிகமான இடம் பிடியின் வாயில்தான். அந்த இடத்தில் படும் தகட்டின் ஓரத்தை அரத்தால் உருட்டிவிடுங்கள். கூரான ஓரம் பட்டையில் கோடு போடும், கோடு விரிசலாகும்.

பின்னச்சைப் பட்டையை மட்டும் நம்பி விடாதீர்கள். செயின் இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அச்சு முன்னும் பின்னும் போகப் பார்க்கும், செயின் கழலும். எனவே எஞ்சின் பல்சக்கரத்துக்கு அருகில் அச்சாணி வைத்து இரண்டு கைகளால் அச்சைப் பிடியுங்கள், மோட்டார் சைக்கிளின் பின்கை மாதிரி. அச்சை இடத்தில் நிறுத்துவது கையின் வேலை, எடையைத் தாங்குவது பட்டையின் வேலை. கையும் பட்டையும் வெவ்வேறு வட்டத்தில் நகரும் என்பதால் காதையும் கையையும் நேராகப் போல்ட் போட்டு இணைக்காமல், இடையில் 6 செ.மீ. அளவில், இரு முனையிலும் ஆடும் இணைப்புத் தகடான ஷேக்கிள் வையுங்கள்.

முன்பக்கம். இங்கே ஒற்றை இரும்புக் குழாய் அச்சு, அதன் இரு பக்கமும் ஷேக்கிள், குறுக்கே பட்டை. நடுவில் 10 செ.மீ. பிடித்தால் பக்கத்துக்கு 55 செ.மீ. நீளும். பிடியைத் தாண்டி 12 செ.மீ. நீட்டும் இரண்டாம் பட்டைத் துண்டோடு, 30 கிலோவுக்கு மூன்றரை சென்டிமீட்டர் அளவு இறங்கும். பின்பக்கத்தோடு ஒத்துப்போகிற அளவு. அச்சு முன்பின் நகராமல் இரண்டு சாய்வுக் கம்பிகளும், இடவலமாக ஆடாமல் ஒரு குறுக்குக் கம்பியும் வேண்டும். நடுத் துளை சரியான நடுவில் இல்லாத பட்டைகள் உண்டு. அப்படிப்பட்டதை முன்னால் போட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும். அதைப் பின்பக்கத்துக்கு வெட்டவும் ஆகாது. இரண்டு துண்டும் சம நீளம் வராது. துளையிலிருந்து இரு காதுக்கும் கடையிலேயே டேப் பிடித்துப் பாருங்கள்.

நெருப்பைக் காட்டாதீர்கள்

என் இரண்டாவது கார்ட்டில் பட்டை நீளம் போதவில்லை. வேறு காதை வெட்டி வந்து வெல்டிங் வைத்தேன். பார்க்க அழகான வெல்டிங். மூன்றாம் நாள் மாலை, ஒரு சிறிய மேட்டில், கண்ணாடிபோல ஒடிந்தது. என் தங்கை மகன் ஓட்டிக்கொண்டிருந்தான். வேகம் குறைவு, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அன்றைக்குப் பிறகு பட்டையில் நான் வெல்டிங் குச்சியைத் தொட விட்டதில்லை.

ஏன் ஒடிந்தது என்பது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. சட்டத்துக்கான சாதாரண இரும்பில் கரி மிகக் குறைவு. ஜப்பானிய வண்டிப் பட்டைகளின் எஸ்யூபி9 மாதிரி எஃகில் கரி அரை விழுக்காட்டுக்கு மேல், 0.6 வரை. அதைச் சுமார் 850 டிகிரிக்குச் சூடாக்கி எண்ணெயில் முக்கி, மறுபடி ஐந்நூறு டிகிரியை ஒட்டிப் பதப்படுத்தித்தான் வளையும் குணத்தைக் கொண்டுவருகிறார்கள். வெல்டிங் வைக்கும்போது ஒட்டிய பகுதி சிவக்கும், பக்கத்துக் குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடும். தண்ணீரில் முக்கியதற்குச் சமம். பதப்படுத்தாத அந்த இடம் கடினமாகி நொறுங்கும் குணத்துக்கு வரும். அதை ஒட்டிய இன்னொரு பகுதி சூட்டில் இளகித் தொய்ந்துபோகும். ஒரே அங்குலத்துக்குள் இரண்டு கேடு.

கேஸ் கட்டரும் வேண்டாம். கிரைண்டரில் மெல்லிய வெட்டு வட்டு போட்டு, பக்கத்தில் ஈரத்துணி சுற்றி, விட்டு விட்டு வெட்டுங்கள். வெட்டு ஓரத்தில் நீல நிறம் ஓடினால் பயப்பட வேண்டாம். நீலம் சுமார் 300 டிகிரியில் வருவது, பட்டையைப் பதப்படுத்திய சூட்டுக்குக் கீழேதான். சிவக்க விடாமல் இருந்தால் போதும். புதிதாகத் துளை போடுவதும் வீண் சிரமம். சாதாரண டிரில் பிட் கருகும், பட்டையும் பலவீனமாகும். யூ போல்ட்டால் பிடிக்க முடியாத இடம் எதுவும் கார்ட்டில் இல்லை. வளைவு போதவில்லை என்று காய்ச்சி அடிக்காதீர்கள். சட்டத்துக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். உட்குழிந்த பக்கத்தைக் கிரைண்டரால் குறுக்கே தேய்க்கவும் கூடாது. இழுபடும் பக்கம் அதுதான்.

ஆட்டம் அடங்க

முழுச் செட்டில் பட்டையோடு பட்டை உரசி ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும். நாம் அதைப் பிரித்துவிட்டதால் அந்த உதவி போய்விட்டது. ஒரு பள்ளத்துக்கு மூன்று நான்கு முறை குதிக்கும். காப்சாய் மோட்டார் சைக்கிளின் பழைய பின் அப்சோர்பர் இதற்குப் போதும். இஎக்ஸ்5 உறுப்பு கிடைக்காத ஊர் இந்த நாட்டில் இல்லை. அதன் சுருளைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாயை மட்டும் பயன்படுத்த வேண்டும். சுருளோடு மாட்டினால் நம் கணக்கு கெட்டுவிடும். கழற்றும்போது அழுத்தத்தில் இருக்கும் சுருள் முகத்துக்குப் பாயும். சுருளை அமுக்கிப் பிடிக்கும் கருவி உள்ள மோட்டார் சைக்கிள் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

பட்டை உட்கார்ந்த நிலையிலிருந்து மேலும் 5 செ.மீ. நகர்ந்ததும் முட்டும்படி தடித்த ரப்பர்க் கட்டை வைக்க வேண்டும். பழைய லோரி டயர்த் துண்டுகளை அடுக்கிப் போல்ட் போட்டாலும் ஆகும். நம் அளவில் பட்டை பத்து சென்டிமீட்டருக்குள் நின்றால் பல வருடம் உழைக்கும். அதைத் தாண்டி ஒவ்வொரு முறையும் வளைந்தால் ஆயுள் தேயும். காதின் பழைய ரப்பர் புஷ் நைந்திருந்தால் லேத் பட்டறையில் நைலான் கம்பியைக் கடைந்து புஷ்ஷாக்கிக்கொள்ளலாம்.

ஓட்டும் இடம் பற்றி: மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவில்லாத மோட்டார் வண்டி பொதுச்சாலையில் ஓடக் கூடாது. கார்ட்டை லோரியில் ஏற்றிக்கொண்டு போய் அனுமதி பெற்ற தனியார் நிலத்தில் இறக்குங்கள். தோட்டத்தில் என்றால் மேனேஜரின் அனுமதியோடு, குலை ஏற்றும் டிராக்டர் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில்.

முதல் ஓட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நிறுத்தி, யூ போல்ட்டின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். நிச்சயம் கால் சுற்றாவது போகும். பிறகு வெள்ளைப் பெயின்ட்டில் சிறிய தூரிகையைத் தோய்த்து, பிடித் தகட்டிலிருந்து பட்டை மேல் ஓடும்படி ஒரே கோடு இழுங்கள். ஒவ்வொரு முறை எஞ்சினை முடுக்கும் முன்பும் குனிந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் பட்டை பிடிக்குள் நழுவியிருக்கிறது. அன்றைக்கு ஓட்டம் இல்லை.